அந்தமானில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும்

அந்தமான் போய்விட்டு வந்தவர்களிடம் நம் உறவினர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "மொத்தம் எத்தனை தீவு பார்த்தீங்க?" என்பதுதான். டிராவல்ஸ்காரர்களுக்கும் இது நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர்கள் நீட்டும் பேக்கேஜில் ஐந்து இரவுக்குள் போர்ட் பிளேர், ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், எலிஃபண்ட் பீச், நீல், பாராடாங் என்று புளிமூட்டை மாதிரி அடைத்துவைத்திருப்பார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் இரண்டு பேராகப் போனால் அப்படி ஓடலாம். முழங்கால் வலியோடு அத்தை, தண்ணீரைப் பார்த்தால் வெளியே வராத சின்னவன், போனை விட்டுக் கண்ணெடுக்காத பெரியவள் என்று ஒரு பட்டாளத்தைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுவது நல்லது.

என் சிபாரிசு, போர்ட் பிளேரோடு இன்னும் ஒரே ஒரு தீவு. ஹேவ்லாக் அல்லது நீல். இரண்டும் வேண்டும் என்றால் ஒரு வாரம் ஒதுக்குங்கள். காரணம் சோம்பல் இல்லை. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் அறையைக் காலி செய்து, பெட்டியைக் கட்டி, ஜெட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், அடையாள அட்டை காட்டி, பெட்டியை ஸ்கேன் செய்து, படகில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி, வண்டி பிடித்து, மதியம் அறை கிடைக்கும்வரை லாபியில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதி நாள் போய்விடும். அந்தமானில் பாதி நாள் போவது மற்ற ஊர்களில் போவதைவிடப் பெரிய நஷ்டம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தமான் சென்னைக்குக் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடைய இந்திய நேரமேதான். ஆகவே அங்கே சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் எழுந்து, முன்னால் போய்விடுகிறது. மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்கு டிபன் முடித்து, வெயில் தாழ நாலரைக்குக் கடலுக்குப் போகலாம் என்று நம் விடுமுறை வழக்கத்தில் திட்டம் போட்டால், கடலைப் பார்க்கப் போன நேரத்தில் இருட்டிவிடும். இருட்டிய பிறகு குளிக்க விடமாட்டார்கள். விடக்கூடாது.

எங்கள் வீட்டில் இதற்குத் தீர்வாக அமைந்தவர் அத்தை. ஊரில் நாலரைக்கு எழுந்து பழகியவருக்கு அந்தமான் நேரம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவர் எழுப்பிய வேகத்தில் ஐந்தரைக்குக் கடற்கரை, எட்டரைக்குத் திரும்பி வந்து டிபன், பத்திலிருந்து இரண்டரை வரை அறையில் தூக்கம், சீட்டாட்டம், மூன்று மணிக்கு மறுபடி கடல், ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குப் படுக்கை. இந்த ஒழுங்குக்கு வந்துவிட்டால் வெயில் கொடுமையும் தெரியாது, கூட்டமும் இருக்காது.

எந்த மாதம் போவது என்பதில் நமக்குப் பெரிய சுதந்திரம் இல்லை. பள்ளி விடுமுறைதான் தீர்மானிக்கும். காலாண்டு விடுமுறையை மறந்துவிடுங்கள், மழைக்காலம். அரையாண்டு விடுமுறை அழகான நேரம்தான், ஆனால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். டிசம்பரின் முதல் பாதி வரை புயல் பயமும் உண்டு. சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்த வர்தாவை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2016 டிசம்பர் 12 அன்று நம் கரைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னால், வலுப்பெற்றுக்கொண்டிருந்த அதே புயல் சின்னத்தால் அந்தமானில் படகுகள் நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. கோடை விடுமுறை என்றால் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ போய்விட்டு வந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரவாக்கில் அந்தமானைத் தொட்டுவிடும். என்னைக் கேட்டால் பொங்கலை ஒட்டி இரண்டு நாள் லீவு போட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. கடல் அமைதியாக இருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டமும் வடிந்திருக்கும்.

டிக்கெட் போடும்போது பெயர்களில் குழம்பாதீர்கள். ஹேவ்லாக் 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது, ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. போர்ட் பிளேருக்கே 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். படகுச் சீட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் இருக்கும்.

இனி படகு. தனியார் விரைவுப் படகு, அரசுப் படகு என்று இரண்டு வகை. தனியார் படகு பெரும்பாலும் ஏசி போட்ட மூடிய கூடம். வேகம், சுத்தம், இணையத்தில் முன்பதிவு எல்லாம் உண்டு. அரசுப் படகு கட்டணம் மிகக் குறைவு, நேரம் கூடுதல், சீட்டு கிடைப்பது பெரும்பாடு. ஆனால் அதில் மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். குமட்டல் வருகிறவர்களுக்கு அடைத்த ஏசி அறையைவிட அந்தக் காற்று எவ்வளவோ தேவலை. எந்தப் படகானாலும் கீழ்த்தளத்தில் நடுவில் இடம் கேளுங்கள், ஆட்டம் குறைவு. கிளம்புவதற்கு முன் வயிறு முட்டப் பொங்கல் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பாக்கெட் இஞ்சி மரப்பா. எங்கள் வரிசையில் இருந்த பஞ்சாபிக் குடும்பத்துக்கு அத்தை அதை விநியோகம் செய்து, இறங்குவதற்குள் அந்த அம்மாவின் பேரன் பேத்தி விவரம் வரை தெரிந்துகொண்டுவிட்டார். இருவருக்கும் பொது மொழி என்று எதுவும் கிடையாது.

குழந்தைகளுக்கும் ஆதார் அட்டை அசல் வேண்டும். நகல் இரண்டு தனியே வைத்திருங்கள்.

ஹேவ்லாக்கில் "கடற்கரையை ஒட்டிய ரிசார்ட்" என்று விளம்பரம் பார்த்து மயங்குவதற்கு முன் ஒரு விஷயம். பெரும்பாலான தங்குமிடங்கள் தீவின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. அங்கே சூர்யோதயம் அற்புதம். ஆனால் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். பாறையும் செத்த பவளமும்தான் மிஞ்சும். நடக்கலாம், நண்டு பார்க்கலாம், குளிக்க முடியாது. குளிப்பதற்கு ராதாநகர்தான். அது மேற்குக் கரையில், ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். கூட்டம் வருகிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு அங்கே மணலைவிட முக்கியமான வசதிகள் உண்டு: உடை மாற்றும் அறை, கழிவறை, நல்ல தண்ணீர்க் குளியல், காவலுக்கு ஆட்கள். பாட்டியோடு போகும்போது கழிவறை இல்லாத சொர்க்கத்தால் என்ன பிரயோஜனம்?

கடல் ஏறி இறங்கும் நேரத்தைத் தெரிந்துகொள்வது அந்தமானில் பாதி வெற்றி. நம் மெரினாவில் இந்த வித்தியாசம் பெரிதாகக் கண்ணில் படாது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம். நாளொன்றுக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே ஊரிலேயே தினசரி காலண்டரைக் கிழிக்காமல் முன்னே புரட்டிப் பாருங்கள். நீல் தீவில் உள்ள இயற்கைப் பாலம் என்ற பவளப் பாறை வளைவைப் பார்க்க வேண்டுமானால் நீர் நன்றாக வற்றியிருக்க வேண்டும்; அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்கள் தோது. அப்போது பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டை, சின்னச் சின்ன மீன், நட்சத்திர மீன் எல்லாம் பிள்ளைகள் குனிந்தே பார்க்கலாம், நீந்த வேண்டியதில்லை. அமாவாசைக்கு இன்னொரு லாபம்: இருட்டு ராத்திரியில் துடுப்புப் படகில் கூட்டிப்போய், கையால் அளைந்தால் நீல வெளிச்சம் சிந்தும் கடல்நீரைக் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தரும் வெளிச்சம் அது. நிலா வெளிச்சத்தில் எடுபடாது. அன்று இரவு மட்டும் எங்கள் பெரியவள் போனைத் தொடவில்லை. படம் எடுத்தால் விழவில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த இயற்கைப் பாலத்துக்குப் பாட்டிமார்களை அழைத்துப்போவது யோசிக்க வேண்டிய விஷயம். வழுக்குப் பாறை. ரப்பர் செருப்பு அங்கே எதிரி; பின்னால் வார் வைத்த சாண்டல் வேண்டும். குளிக்கும் எல்லோருக்கும் இதே பேச்சுதான். பவளத்துண்டு கிழித்த காயம் சீக்கிரம் ஆறாது, புண்ணோடு கடலில் இறங்கவும் முடியாது.

உடை பற்றிப் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சுடிதாரோடு கடலில் இறங்குவது நம் பழக்கம். நனைந்த பருத்தித் துணியின் கனம் அலையில் காலை வாரிவிடும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும். சீக்கிரம் காயும் செயற்கை இழை டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் போதும், கூச்சமும் இல்லை, கனமும் இல்லை. முழுக்கை டி-ஷர்ட் பிள்ளைகளுக்கும் வாங்குங்கள். சன்ஸ்கிரீனில் உள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கெடுதல் என்றுதான் பலாவ் நாடும் ஹவாயும் அவற்றைத் தடை செய்திருக்கின்றன. துணி மூடாத இடத்துக்கு மட்டும் கிரீம் பூசினால் நமக்கும் செலவு குறைவு. சாயங்காலம் மணலில் சின்னப் பூச்சி ஒன்று கடிக்கும். கண்ணில் படாது, அரிப்பு மட்டும் ஒரு வாரம் இருக்கும். தேங்காய் எண்ணெயைக் கால்களில் பூசிக்கொள்வது அங்கே வழக்கம். மணலில் நேராக உட்காராமல் விரிப்பு போட்டு உட்காருங்கள்.

இப்போது பயமுறுத்தும் பகுதி. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. அலையாத்திக் காடு, ஓடை கடலில் கலக்கும் இடம், இவைதான் அவற்றின் வீடு. 2010-ல் ராதாநகர் பக்கத்திலேயே ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார். அதற்காக நடுங்கவேண்டியதில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால்கூட நனைக்காதீர்கள், காவலர் கண்ணில் படும் இடத்தில் குளியுங்கள், பொழுது சாய்ந்ததும் கரையேறுங்கள், அவ்வளவுதான். முதலையைவிட அதிகம் பயப்பட வேண்டியது உள்ளே இழுக்கும் நீரோட்டத்துக்கு. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு அறையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கடலுக்குக் கூட்டிப்போனோம்.

கடலுக்கடியில் பார்ப்பதற்கு ஆளுக்கேற்ற வழி உண்டு. முதியவர்களுக்குக் கண்ணாடித் தளப் படகு. நீச்சல் தெரியாதவர்களுக்கு வழிகாட்டி கைப்பிடித்துக் கூட்டிப்போகும் ஸ்நார்க்கலிங். எலிஃபண்ட் பீச்சில் கிடைக்கும். ஸ்கூபாவுக்குப் பிள்ளைக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். பேக்கேஜ் போடுகிறவர்கள் சிலர் ஸ்கூபாவைக் கடைசி நாளில் செருகிவிடுவார்கள், அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஆழத்தில் மூச்சுவிட்டபோது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால் ஆபத்து. ஒரு முங்கலுக்குக் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம்.

போர்ட் பிளேரை வெறும் இறங்கும் இடமாக நினைக்காதீர்கள். செல்லுலார் சிறையைக் காலையில் ஒருமுறை பாருங்கள். ஒலி ஒளிக் காட்சி சாயங்காலம், அதற்கு முன்பதிவு வேண்டும். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த சிறை. நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் ஏழு கிளைகள். இப்போது மிஞ்சியிருப்பது மூன்று. ஒரு கிளையின் அறைக்கதவுகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே போட்ட வரைபடம். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சின்னவன் ஓர் அறைக்குள் போய் நின்று, "இங்கேர்ந்து யாரையும் பார்க்க முடியலை பாட்டி" என்று தானே கண்டுபிடித்ததுதான் அவன் இன்றுவரை சொல்லும் அந்தமான் கதை.

சாத்தம் மர ஆலை பற்றிப் பலரும் சொல்வதில்லை. 1883-ல் தொடங்கிய ஆலை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளம் இன்றும் வளாகத்தில் இருக்கிறது. நார்த் பே போகிறவர்கள் பழைய 20 ரூபாய் நோட்டு ஒன்று வைத்திருந்தால் எடுத்துப் போங்கள். அதன் பின்பக்கத்தில் உள்ள தென்னைமரமும் கலங்கரை விளக்கமும் அந்த இடம்தான். நோட்டைப் பிடித்துக்கொண்டு சரியான கோணம் தேடும் வேலையில் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். போர்ட் பிளேரில் இட்லி, தோசை, சாம்பார் எல்லாம் தாராளம், தமிழ் பேசுகிறவர்களும் ஏராளம், முருகன் கோயிலும் உண்டு. ஹேவ்லாக்கிலும் நீலிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள். அவர்களுடைய சின்ன ஓட்டல்களில் சோறு, பருப்பு, கடுகு அரைத்த மீன் குழம்பு என்று நம் நாக்குக்கு ஒத்துவரும். ரிசார்ட் பஃபேயில் கொடுக்கும் காசில் கால்வாசிகூட ஆகாது.

மருந்துப் பையை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் நிரப்புங்கள். பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில்தான். மற்ற தீவுகளில் ஆரம்பச் சிகிச்சைதான் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் கடலைத் தாண்ட வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தை, சமீபத்தில் இருதய சிகிச்சை எடுத்த பெரியவர் என்றால் போர்ட் பிளேரிலேயே தங்கிப் பகல் பயணமாகப் போய்வருவது புத்திசாலித்தனம். 2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்தபிறகு இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் ரொக்கம் வைத்திருங்கள், இளநீர்க்காரரிடம் போன்பே நின்றுகொண்டே சுற்றும்.

பாராடாங் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். நடுராத்திரி எழுந்து, சோதனைச் சாவடியில் காத்திருந்து, வரிசையாகக் காவல் துணையோடு போகும் வண்டிகளில் அமர்ந்து போகும் அந்த நெடுஞ்சாலை, ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. வெளியாட்களோடு சகஜமாகப் பழகத் தொடங்கியே முப்பது வருடம் ஆகாத, சில நூறு பேரே உள்ள மக்கள். படம் எடுப்பதும் உணவு கொடுப்பதும் சட்டப்படி குற்றம். 2012-ல் அந்தப் பெண்களை ஆடவைத்து எடுத்த காணொளி வெளியாகி உலகமே தலைகுனிந்தது. அதற்குப் பிறகும் "ஜாரவா தெரிவாங்களா சார்?" என்று டிரைவரிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாராடாங்கில் உள்ள குகையைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், ஜன்னலோரப் பிள்ளையின் கண் எதைத் தேடும் என்பது நமக்குத் தெரியும். அந்த ஒரு நாளை வண்டூர் பக்கம் ஜாலி பாய் தீவுக்குக் கொடுங்கள். வனத்துறை அனுமதி வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, அங்கே கடை கிடையாது. அதனாலேயே அங்கே பவளம் பவளமாக இருக்கிறது. வருடத்தில் சில மாதங்கள்தான் திறப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது பெட்டியில் சிப்பி, சங்கு, பவளத்துண்டு இருந்தால் விமான நிலையத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள். கரையில் செத்துக் கிடந்தது என்ற வாதம் செல்லாது; வனவிலங்குச் சட்டம் செத்த பவளத்துக்கும் பொருந்தும். அழகான கூம்புச் சங்கு சிலவற்றில் விஷக் கொடுக்கோடு உயிர் உள்ளே இருக்கும் என்பதால், கையில் எடுக்காதே என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அரசு விற்பனை நிலையமான சாகரிகாவில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கப்பலில் போகலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசுக் கப்பல் போகிறது, ஏறக்குறைய மூன்று நாள் பயணம். பறக்கும் மீன், வானம், கேன்டீன் சோறு, வேறு வேலை எதுவும் கிடையாது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தவர்களாக இருந்தால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று போடலாம். ஆனால் கப்பல் தேதி வெகுநாள் முன்னால் தெரியாது, தெரிந்த தேதியும் நகரும். ஆகவே தீவில் முதல் இரண்டு நாள் அறைக்கு, ரத்து செய்தால் பணம் திரும்பத் தருகிற இடமாகப் பார்த்துப் போடுங்கள். ஹேவ்லாக் படகுச் சீட்டைக் கப்பல் கரை சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.